நோய் எதிர்ப்பு சக்தியும் அன்றாடச் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சலும் சளியும் பரவத் தொடங்கினால் போதும், உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எதைச் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடும்?" அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கர்ப்பிணிகளும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நாள்தோறும் மருந்து சாப்பிடுகிறவர்களும் உணவில் பெரிய மாற்றம் செய்யும் முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நோய் எதிர்ப்பு சக்தி உடம்பில் எங்கே இருக்கிறது?

இதயம், கல்லீரல் போல விரல் நீட்டிக் காட்டக்கூடிய ஓர் உறுப்பு இல்லை அது. தோல், மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளிப்படலம், வயிற்றில் சுரக்கும் அமிலம் எல்லாம் சேர்ந்ததுதான் முதல் வேலி. அதைத் தாண்டி உள்ளே வரும் கிருமியை இரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் சூழ்ந்து விழுங்குகின்றன. அதற்கும் அடங்காவிட்டால், சில நாட்களில் அந்தக் கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்த எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் அடையாளம் கண்டுகொள்ள நினைவு அணுக்கள் தங்கிவிடுகின்றன.

இதில் சாப்பாடு எங்கே வருகிறது என்றால், எல்லா இடத்திலும். எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை சில மணி நேரமோ சில நாட்களோதான் உயிர் வாழும். அதனால் எலும்பு மஜ்ஜை ஒரு நாள்கூட ஓயாமல் புதிய அணுக்களைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புது அணுவுக்கும் புரதம், இரும்பு, துத்தநாகம், ஃபோலேட், பி12 என்ற வைட்டமின்கள் வேண்டும். இவற்றை உடம்பு தானாக உண்டாக்கிக்கொள்ளாது. நாம் சாப்பிட்டதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் நிறையச் சாப்பிட்டால் சக்தி நிறையக் கூடுமா?

குறைந்திருக்கும் குடத்தை நிரப்பலாம். நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழிந்துதான் போகும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

குறை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு ஒன்றே போதும்: ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் மரணத்துக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் கொல்கின்றன. ஆனால் அவை கொல்லும் அளவுக்கு உடம்பைத் தளர்த்தி வைப்பது பசி. 1980களில் ஆல்ஃபிரட் சோமர் என்ற கண் மருத்துவர் இந்தோனேசியாவில் ஆராய்ந்தபோது, வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் மட்டும் வரவில்லை, அவர்கள் அதிகமாக இறக்கவும் செய்கிறார்கள் என்று கண்டார். வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தை மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரே ஒரு சத்து! இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. எதிர்ப்பு மண்டலம் அளவு மீறி முறுக்கேறினால் அதுவும் நோய்தான். ஒவ்வாமை, ஆஸ்துமா, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் ஆகியவற்றில் உடம்பின் காவலே தவறான இடத்தில் பாய்கிறது. ஆகவே "கூட்டுவது" என்ற ஆசையை விட்டுவிட்டு, "குறையில்லாமல் வைத்துக்கொள்வது" என்று நினைத்தால் வழி தெளிவாகும்.

வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிக்காது என்கிறார்களே?

இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பற்படை மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிச் சோர்ந்து கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சட்டென்று தேறினார்கள். பழத்துக்குள் இருந்த பொருள் வைட்டமின் சி என்று தெரிய மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. பிறகு 1970இல், இரண்டு நோபல் பரிசுகள் பெற்ற லைனஸ் பாலிங், பெரிய அளவில் வைட்டமின் சி எடுத்தால் சளியே அண்டாது என்று எழுதினார். அவர் பெயரின் கனத்தில் அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவியது.

சோதித்துப் பார்த்ததில் கிடைத்த விடை அவ்வளவு பளபளப்பாக இல்லை. தினமும் வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சளி பிடிப்பது ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு சுமார் 8 சதவீதமும் குழந்தைகளுக்கு 14 சதவீதமும் குறைந்தது. ஏழு நாள் சளியில் அரை நாள் மிச்சம். மராத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படைவீரர்கள் போன்று உடலை வருத்துகிறவர்களுக்கு மட்டும் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. மூக்கு ஒழுகத் தொடங்கிய பிறகு மாத்திரையைத் தேடினால் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை.

தேவை என்று பார்த்தால் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம், பெண்களுக்கு 75. புகைபிடிக்கிறவர்களுக்கு இன்னும் 35 கூடுதலாக வேண்டும். நடுத்தர ஆரஞ்சு ஒன்றில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கிறது. வேகவைக்காத சிவப்புக் குடைமிளகாய் அரைக் கோப்பையில் 95. இது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒரு பழமும் கொஞ்சம் காயும் சாப்பிட்டாலே கணக்கு முடிந்துவிடும். 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

எல்லோரும் வைட்டமின் பற்றியே பேசுகிறோம். நாம் மறந்துவிடுவது எது?

புரதம். சந்தேகமே இல்லாமல் புரதம்.

பழச்சாறு குடித்துக்கொண்டு, காலையில் ரொட்டி, மதியம் வெறும் சோறு, இரவு பிஸ்கட் என்று நாளை ஓட்டுகிற பலரைப் பார்த்திருக்கிறேன். சாறில் வைட்டமின் இருக்கும். எதிர்ப்பொருள் கட்டச் செங்கல் இருக்காது. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பெரியவர்களுக்குக் குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8, அரைக் கோப்பை வெந்த பருப்பில் 9, ஒரு கைப்பிடி பாதாமில் 6 என்று கூட்டிப் பாருங்கள். தானியத்திலிருந்தும் கொஞ்சம் வரும். மீனோ இறைச்சியோ சாப்பிடுகிறவர்களுக்கு எளிது. சாப்பிடாதவர்கள் ஒவ்வொரு வேளையும் பருப்பு, பயறு, கடலை வகைகளில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முற்றிலும் தாவர உணவு மட்டும் உண்பவர்கள் பி12 பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். நம்பத்தகுந்த அளவில் அது செடிகொடிகளில் இல்லை. செறிவூட்டிய உணவோ மாத்திரையோ அவர்களுக்கு அவசியம்.

துத்தநாகம் என்கிறார்களே, அது தனியாக எடுக்க வேண்டியதா?

துத்தநாகக் குறை மனிதருக்கு வரும் என்பதே 1960களின் தொடக்கத்தில்தான் தெரிய வந்தது. ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானில் வளர்ச்சி குன்றிய இளைஞர்களைக் கவனித்தார். அவர்கள் பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டியை உண்டே வாழ்ந்தவர்கள். தானியத்தின் தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, குடல் உறிஞ்ச விடாமல் செய்கிறது. ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. பழைய சமையல் முறைகளில் இருந்த இந்தப் பொறுமைக்குப் பின்னே இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 8 மில்லிகிராம் போதும். இறைச்சி, சிப்பி, பூசணி விதை, கொண்டைக்கடலை, பால் பொருட்கள், முந்திரி எல்லாவற்றிலும் கிடைக்கும். நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட நாள் மாத்திரையாக எடுத்தால், உடம்பில் செம்பு குறைந்து வெள்ளை அணுக்களே குறையக்கூடும். எதற்காக எடுக்கிறோமோ அதையே அது கெடுத்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகம் கொடுக்கச் சொல்வது வேறு கதை. அது மருத்துவம், 2004 முதல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பரிந்துரைப்பது.

வைட்டமின் டி உணவிலிருந்து கிடைக்குமா?

கொஞ்சம்தான். கொழுப்பு மிகுந்த மீன், முட்டை மஞ்சள்கரு, செறிவூட்டிய பால் தவிர வேறு வழி அதிகம் இல்லை. வெயில் பட்ட தோல்தான் முக்கிய உற்பத்தி இடம். பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள், முழு உடலையும் மூடி உடுத்துகிறவர்கள், முதியவர்கள் ஆகியோருக்குக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். இவர்கள் மருத்துவரிடம் பேசி, தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்து, அதன்படி மாத்திரை எடுக்கலாம். இது கொழுப்பில் கரையும் சத்து. வேண்டாதது சிறுநீரோடு போய்விடாது, உடம்பிலேயே சேரும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

குடலுக்கும் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்?

நான் ஆசையோடு பதில் சொல்லும் கேள்வி இது. குடலைச் சுற்றி ஏராளமான எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. யோசித்தால் நியாயம் புரியும்: வெளியுலகத்திலிருந்து நாள்தோறும் உள்ளே இறங்குவது சாப்பாடுதானே. எது உணவு, எது எதிரி என்று ஒவ்வொரு கவளத்திலும் முடிவு செய்ய வேண்டிய இடம் அது.

அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை தின்று, ப்யூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் அணுக்களுக்கு அதுதான் முதன்மை எரிபொருள். சுவர் உறுதியாக இருந்தால் கிருமி கசிந்து உள்ளே போவது குறையும், தேவையில்லாத அழற்சியும் அடங்கும். நார்ச்சத்து வராவிட்டால் இந்தக் குடித்தனக்காரர்கள் பட்டினி கிடக்கிறார்கள். விலங்கு ஆய்வுகளில் அவை குடலின் சளிப்படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும். காயும் பழமும் சேர்த்து 400 கிராம், தீட்டாத தானியம், பருப்பு வகைகள், கொட்டைகள் என்று பல திசைகளிலிருந்து வரட்டும். இதுவரை குறைவாகவே சாப்பிட்டு வந்தவர்கள் ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் கூட்டுங்கள்.

தயிர் போன்ற புளித்த உணவுகளைப் பற்றியும் கேட்பார்கள். 2021இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 36 பேரை வைத்துப் பத்து வாரம் சோதித்தார்கள். புளித்த உணவு நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் பெருகின, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தயிர் எப்படியும் நல்ல உணவு என்பதால் தயங்காமல் சாப்பிடச் சொல்வேன்.

பூண்டு, இஞ்சி, தேன்?

சமையலுக்கு மணமும் சுவையும் தருகின்றன, அதனாலேயே காய்கறி அதிகமாக உள்ளே போகிறது. அது பெரிய நன்மை. நோயைத் தடுக்கும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமி அந்த வயதில் உயிருக்கே ஆபத்து.

"எதிர்ப்பு சக்தி" என்று எழுதி விற்கும் பொடி, கேப்ஸ்யூல் எல்லாம்?

இயற்கையில் இருப்பதுதானே, கெடுதல் செய்யாது என்று வாங்குகிறோம். 1994இல் ஃபின்லாந்தில் வெளிவந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு, கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. கேரட் சாப்பிட்டு யாருக்கும் அப்படி ஆனதில்லை. ஒரு சத்தைக் காயிலிருந்து பிடுங்கி, செறிவாக்கி, நாள்தோறும் விழுங்கும்போது அது வேறு பொருளாகிவிடுகிறது. செறிவான பச்சைத் தேயிலைச் சாற்றுக் கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

பரிசோதனையில் குறை என்று தெரிந்தால் மாத்திரை நல்ல மருந்து. தெரியாமல் எடுப்பது வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பழமும் முட்டையும் வாங்குங்கள் என்று மன்றாடியே கேட்டிருக்கிறேன்.

இனிப்பு எதிர்ப்பு சக்தியைக் கெடுக்குமா?

ஒரு துண்டு இனிப்பு கெடுக்காது. தினமும் சாப்பாட்டின் இடத்தை இனிப்பும் பொரித்ததும் பிடித்துக்கொண்டால், சத்துள்ளதற்கு இடம் இருக்காது. சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு; 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கணக்கு இன்னும் கறாரானது. இரத்தச் சர்க்கரை உயர்ந்தே இருந்தால் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, புண் ஆறாது, தொற்று சுலபமாகப் பிடிக்கும்.

பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்தா?

வைட்டமின் சியும் ஃபோலேட்டும் வெந்த நீரில் இறங்கிவிடும்; ஆவியில் வேகவைப்பதோ, குறைந்த நீரில் வேகவைத்து அந்த நீரையும் சேர்த்துக்கொள்வதோ நல்லது. கேரட், தக்காளி, கீரை இவற்றின் கரோட்டின் வகைகள் வெந்து, துளி எண்ணெயோடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வேகவைத்தது என்று கலந்து சாப்பிடுங்கள்.

முளைகட்டிய பயறு பற்றி ஓர் எச்சரிக்கை. முளை வரும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்த சூழல். 2011இல் ஐரோப்பாவில் முளைவிட்ட விதைகள் மூலம் பரவிய ஈ. கோலை என்ற பாக்டீரியாவின் தொற்றில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் முளைகட்டியதை நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

காய்ச்சலில் சாப்பாடே இறங்கவில்லை. கட்டாயப்படுத்த வேண்டுமா?

ஓரிரு நாள் பசி இல்லாதது இயல்பு, பயப்பட வேண்டாம். முதல் வேலை நீர். கஞ்சி, சூப், மோர், நீர்த்த பழச்சாறு என்று எது இறங்குகிறதோ அதை அடிக்கடி, சிறிது சிறிதாகக் கொடுங்கள். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது ஆற்றல் தேவையும் சுமார் 10 சதவீதம் ஏறுகிறது. காய்ச்சல்காரரைப் பட்டினி போடுவது சரியல்ல. உண்மையான சாப்பாடு காய்ச்சல் விட்ட பிறகு தொடங்குகிறது. கரைந்த தசையை மீட்க அடுத்த இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக, புரதத்தோடு சாப்பிடுங்கள். நாம் தவற விடுவது இந்த இரண்டு வாரத்தைத்தான்.

கைக்குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதில் உள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் குழந்தையின் குடல் சுவரில் படர்ந்து காவல் நிற்கிறது. தாய் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான காவல் அது. பால் கொடுக்க முடியாத தாய்மார்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம், மருத்துவர் சொல்லும் பால்மாவைச் சுத்தமாகக் கரைத்துக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் இரும்புச்சத்துள்ள மசித்த உணவு தாமதமாகக் கூடாது.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

வயதாக ஆக எதிர்ப்பு அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது. பசியும் பல்லும் சேர்ந்து குறைகின்றன. அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள், ஆனால் பலர் தேநீரும் ரொட்டியுமாக வேளையைக் கழிக்கிறார்கள். மென்மையாக வெந்த முட்டை, குழைந்த பருப்பு, தயிர், மசித்த மீன் கொடுங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாகச் சாப்பிடுகிறவர் தட்டில் பாதி மிஞ்சும்.

எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் எனக்குச் சளி பிடிக்கிறதே?

பிடிக்கும். ஆரோக்கியமான பெரியவருக்கே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சளி வருவது சாதாரணம். குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். சளியைக் கொண்டுவரும் வைரஸ்கள் 200க்கும் மேல். வந்து, ஒரு வாரத்தில் போனால் உங்கள் எதிர்ப்பு சக்தி வேலை செய்கிறது என்று பொருள்.

தூக்கத்தையும் பாருங்கள். 2009இல் வெளியான ஆய்வில் 153 பேருடைய மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, எட்டு மணி நேரமோ கூடவோ தூங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. தடுப்பூசியின் வேலையை எந்த உணவும் செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தட்டம்மையையோ டெட்டனஸையோ தட்டில் வைத்துத் தடுக்க முடியாது.

எப்போது சாப்பாட்டை விட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முயற்சி செய்யாமலே எடை குறைந்தால், ஒரே ஆண்டில் இரண்டாவது முறை நிமோனியா வந்தால், வாயில் வெள்ளைப் படை போகாமல் இருந்தால், ஆன்டிபயாடிக் முழுதாக எடுத்தும் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறு புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால், குழந்தை வயதுக்கேற்ற எடை ஏறாமல் நின்றுவிட்டால். இவற்றில் எது நடந்தாலும் உணவுப் பட்டியலை மாற்றிப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் கையும்தான் அங்கே தேவை. போகும்போது, கடந்த ஒரு வாரத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.